திருஅங்கமாலை வழியில் ஒரு காலைப்பொழுது

78 வயது நிரம்பிய ஓர் அம்மையார் எழுதியிருக்கிறார்: "முழங்கால் இரண்டும் மடங்குவதில்லை. கொடிமரத்தடியில் எல்லோரும் விழுந்து வணங்கும்போது நான் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தரையில் அமர்ந்து பூஜை செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நமஸ்காரத்துக்கும் உதவாத இந்த உடம்பைச் சுமந்துகொண்டு இன்னும் எத்தனை நாள்? 'யோகா செய்யுங்கள் பாட்டி' என்று பேரன் கைப்பேசியில் ஏதோ காட்டுகிறான். அதில் வருகிறவர்களுக்கு எலும்பே கிடையாது போலிருக்கிறது."

கடைசி வரி சிரிப்பை வரவழைத்தாலும் அதற்கு முந்தைய கேள்வி அப்படிப்பட்டதன்று. அறுபதைக் கடந்த நம்மில் பலரும் வாய்விட்டோ மனத்துக்குள்ளோ கேட்டுக்கொள்வதுதான் அது. இத்தனை ஆண்டுகள் சொன்னதையெல்லாம் கேட்ட உடம்பு ஒரு நாள் கேட்க மறுக்கிறது. அன்று தொடங்கி அதனோடு பிணங்கிக்கொள்கிறோம். காலை எழுந்தவுடன் காலைத் திட்டுகிறோம். இரவு படுக்கும்போது முதுகைத் திட்டுகிறோம். நாள் முழுவதும் இப்படிக் கடிந்துகொண்டே இருக்கும் உடம்புக்கு யோகாசனம் மட்டும் கற்றுக்கொடுத்தால் அது எவ்வளவு நாள் நிலைக்கும்? பிணக்கைத் தீர்த்துக்கொள்ளாமல் பயிற்சி கைகூடாது என்பது என் எண்ணம்.

அதற்கு வழி சொல்லும் பதிகம் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. திருநாவுக்கரசர் பெருமான் அருளிய திருஅங்கமாலை. நான்காம் திருமுறையில் உள்ள 12 பாடல்கள். பலருக்கு மனப்பாடமாக இருக்கும். இல்லாதவர்கள் வீட்டில் தேவாரப் புத்தகம் இருந்தால் எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். அதில் அப்பர் தம் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கிறார். தலையைக் கூப்பிட்டு வணங்கச் சொல்கிறார். கண்களைக் காணச் சொல்கிறார். செவிகளைக் கேட்கச் சொல்கிறார். பிறகு மூக்கு, வாய், நெஞ்சு, கைகள், உடல், கால்கள் என்று வரிசையாக வருகிறது. பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து ஆளுக்கொரு வேலை கொடுக்கும் தாயைப்போல அவர் பேசுவதாகவே எனக்குத் தோன்றும்.

வைணவ அன்பர்களுக்கும் இது புதிதன்று. குலசேகரர் வடமொழியில் அருளிய முகுந்தமாலையிலும் நா, மனம், கைகள், காதுகள், கண்கள், கால்கள், மூக்கு, தலை என்று உறுப்புதோறும் அழைத்துப் பணி சொல்லும் சுலோகம் உண்டு. இரு நெறிகளிலும் ஒரே செய்தி இருக்கிறது: வழிபாடு என்பது உடம்பு முழுவதற்குமான ஒரே பொறுப்பாக அன்றி, ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியாகப் பங்கிட்டுத் தரப்பட்டிருக்கிறது. ஓர் உறுப்பு ஓய்ந்துவிட்டால் அதன் பங்கு மட்டுமே நிற்கும். மற்றவற்றின் பங்கு அப்படியே இருக்கும்.

நன்றி சொல்வதற்கும் இந்த முறைதான் பொருந்தும். "எல்லாவற்றுக்கும் நன்றி, பகவானே" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் வங்கியில் வாடிக்கையாளர் கணக்குப் புத்தகத்தை நீட்டும்போது இறுதி இருப்பை மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். எந்தத் தேதியில் எவ்வளவு வரவு என்று வரிவரியாகப் பதிந்து தரவேண்டும். பெற்றதை வரிவரியாகப் பார்த்தால்தான் பெற்றோம் என்பது மனத்தில் உறைக்கிறது. ஆகவே உறுப்புக்கு ஒரு சிறிய அசைவு, அந்த உறுப்பால் நாம் அடைந்த ஏதேனும் ஒன்றை நினைத்து ஒரு நன்றி. இவ்வளவே நான் சொல்ல வருவது. 15 நிமிடங்கள் போதும்.

பேரன் கைப்பேசியில் காட்டிய வித்தைகளைப் பற்றியும் ஒரு சொல். பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே சூத்திரங்கள். அசையாமலும் வருத்தமில்லாமலும் இருக்கும் இருப்பே ஆசனம் என்பது அவற்றின் சாரம். உடம்பை முறுக்கிக் காட்டவேண்டும் என்ற பேச்சே அங்கு இல்லை. நம் காலத்தில் யோகத்துக்குப் புத்துயிர் அளித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1888-இல் பிறந்து 1989 வரை, நூறு வயதைக் கடந்து வாழ்ந்தவர். மைசூரில் யோகசாலை நடத்தியபின் சென்னைக்கு வந்து பல்லாண்டுகள் கற்பித்தார். வருபவரின் வயது, நோய், வலிமை ஆகியவற்றைப் பார்த்து ஆளுக்கேற்பப் பயிற்சியை மாற்றிக் கொடுத்தார். அவருடைய மாணாக்கர் பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, மரக்கட்டை, பட்டை, கயிறு என்று கைக்கு எட்டிய பொருள்களையெல்லாம் துணையாக வைத்துக்கொண்டு ஆசனம் செய்யச் சொல்லிக்கொடுத்தார். எனவே நாற்காலியில் அமர்ந்து செய்வது ஏதோ இரண்டாந்தர யோகம் என்று எவரும் கூசவேண்டியதில்லை.

இனி அங்கங்களுக்கு வருவோம். பதிகம் தலையில் தொடங்கிக் கால்களை நோக்கி வருகிறது. விடியற்காலையில் படுக்கையிலிருந்து எழும் முதியவர்களுக்கு மட்டும் நான் வரிசையைத் திருப்பிக் காலிலிருந்து தொடங்கச் சொல்வேன். காரணம் உண்டு. இரவு முழுவதும் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களுக்கு இறங்கி, இரத்த அழுத்தம் திடீரென்று குறைகிறது. இளையவர்களுக்கு உடம்பு அதை நொடியில் சரிசெய்துகொள்ளும். நமக்குச் சற்றுத் தாமதமாகும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளியில்தான் கண் இருட்டுகிறது. குளியலறை வாசலில் விழுகிறோம்.

ஆகவே விழித்ததும் படுத்தபடியே இரு பாதங்களையும் முன்னும் பின்னுமாகப் பத்து முறை அசையுங்கள். கணுக்காலை இரு பக்கமும் மெல்லச் சுழற்றுங்கள். பிறகு வலப்பக்கம் திரும்பி, கையை ஊன்றி எழுந்து, கட்டிலின் ஓரத்தில் கால்கள் தரையில் படும்படி அமருங்கள். உடனே நிற்கவேண்டாம். உள்ளங்கைகளைப் பார்த்து லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் நினைப்பதும், காலால் மிதிப்பதற்குமுன் பூமாதேவியிடம் பொறுத்தருளும்படி வேண்டிக்கொள்வதும் நம் முன்னோர் வழக்கம். அதை நிதானமாகச் செய்தால் ஒரு நிமிடம் ஆகும். மருத்துவர்கள் உட்கார்ந்திருக்கச் சொல்லும் நேரமும் ஏறத்தாழ அதுவே. அந்த ஒரு நிமிடத்தில் கால்களுக்கு நன்றி சொல்லிவிடலாம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்த கால்கள் இவை. அலிபிரியிலிருந்து 3,550 படிகள் ஏறி ஏழுமலையானைக் கண்டவையாகவும் இருக்கலாம். அல்லது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று நள்ளிரவில் மருந்துக்கடை தேடி நடந்தவையாக இருக்கலாம். நாளுக்கு ஒன்றை நினையுங்கள். நேற்று நினைத்தது இன்று வேண்டாம்.

அடுத்து தொடைகளும் முழங்கால்களும். சக்கரமில்லாத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் அமர்ந்து, பாதங்களை நன்கு ஊன்றி, மூச்சை வெளியே விட்டபடி எழுந்திருங்கள்; மூச்சை உள்ளிழுத்தபடி மெல்ல அமருங்கள். முதல் வாரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை. பழகியபின் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு எழ முயலலாம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பயிற்சிதான். ஆனால் பிறர் கைத்தாங்கல் இல்லாமல் கழிவறையிலிருந்தும் பேருந்து இருக்கையிலிருந்தும் எழுந்து வரும் சுதந்திரம் முழுவதும் இந்தத் தசைகளில்தான் இருக்கிறது. ஒருவர் வீட்டோடு முடங்குவதும் கோயிலுக்குப் போய்வருவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது.

இது நமக்குப் புதிய பயிற்சியா என்றால், இல்லை. பிள்ளையார் சந்நிதியில் நாம் போடும் தோப்புக்கரணம்தானே! 'தோர்' என்றால் கை, 'கர்ணம்' என்றால் காது. கைகளால் காதைப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பெயர் வந்தது என்று காஞ்சிப் பெரியவர் விளக்கியிருக்கிறார். சக்கரத்தை வாயில் போட்டுக்கொண்ட குழந்தை விநாயகரைச் சிரிக்கவைத்து மீட்பதற்காகத் திருமாலே தோப்புக்கரணம் போட்ட கதையையும் பெரியவர்கள் சொல்வார்கள். முழுவதும் அமர முடியாதவர்கள் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அதில் அமர்ந்து அமர்ந்து எழுந்தால் போதும். பிள்ளையார் அளவுகோல் வைத்துப் பார்ப்பவரல்லர்.

கைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் மாதம் ஓய்வூதியர்கள் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வங்கிக்கு வருவார்கள். கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கும். பழைய மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாது. பத்திரங்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் ஆயிரக்கணக்கில் ஒப்பமிட்ட கை, தன் பெயரை எழுதத் தடுமாறும்போது அந்த முகத்தில் வரும் வெட்கத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன். "அவசரமில்லை ஐயா, இன்னொரு முறை போடுங்கள்" என்போம். நடுக்கம் எல்லாவற்றையும் பயிற்சி தீர்த்துவிடாது. சிலவற்றுக்கு மருத்துவம் வேண்டும். ஆனால் விரல்களின் விறைப்பைப் பெருமளவு தளர்த்தலாம். இரு கைகளையும் முன்னே நீட்டி விரல்களை நன்கு விரித்துப் பின் மெல்ல மூடுங்கள், பத்து முறை. பிறகு மார்புக்கு நேரே கைகூப்பி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று அழுத்தும்படி ஐந்து மூச்சு நேரம் நில்லுங்கள். பூத்தொடுப்பதும் நல்ல பயிற்சியே. தினமும் ஒரு முழம் துளசியோ கதம்பமோ தொடுத்துச் சுவாமிக்குச் சாற்றும் வழக்கமுள்ள அம்மையார்களுக்குத் தனியே விரல் பயிற்சி சொல்லவேண்டியதில்லை. அப்பர் பெருமானே உழவாரப்படையைக் கையில் ஏந்திக் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கியவர். பாடிய வாய்க்கு இணையாக அந்தக் கையும் தொண்டு செய்தது.

மூக்குக்கு அவர் இடும் பணி பலரும் கவனிக்காத ஒன்று. மலர் மணத்தை முகரச் சொல்லியிருக்கலாம். அவரோ முரலச் சொல்கிறார். வண்டு முரல்வதைப்போல இறைவன் புகழை இசைக்கச் சொல்கிறார். யோக நூல்களில் பிராமரி என்று ஒரு பிராணாயாமம் உண்டு. பிரமரம் என்றால் வண்டு. வாயை மூடி, மூக்கால் மூச்சை இழுத்து, வெளியே விடும்போது வண்டின் ரீங்காரம்போல ஒலி எழுப்புவதே அது. மூச்சு தானாகவே நீண்டு, நிதானமாக வெளியேறுகிறது, படபடப்பு தணிகிறது. ஐந்து முறை செய்தால் போதும். இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் பயிற்சிகளைத் தாமாகச் செய்யக்கூடாது. சந்தியாவந்தனத்தில் பிராணாயாமம் செய்கிறவர்களும் இந்த வயதில் எவ்வளவு நேரம் அடக்குகிறோம் என்று தம்மோடு தாமே போட்டியிட வேண்டாம்.

கழுத்துக்கு முழு வட்டமாகச் சுழற்றுவது வேண்டாம். சந்நிதி வாசலில் இரு பக்கமும் நிற்கும் துவாரபாலகர்களைப் பார்ப்பதுபோல மெல்ல வலமும் இடமும் திரும்பினால் போதும். தலையைத் தாழ்த்தி வணங்கி நிமிர்த்துங்கள். கண்களுக்கும் செவிகளுக்கும் அசைவு எதற்கு? இரண்டு நிமிடம் கண்மூடி, கேட்கும் ஒலிகளைக் கேட்டுக்கொண்டிருங்கள். குக்கர் விசில் உட்பட.

சில எச்சரிக்கைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும் அண்மையில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும் தலையை இடுப்புக்குக் கீழே கொண்டுபோகும் எதையும் செய்யக்கூடாது. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் சம்மணமிடவோ மண்டியிடவோ தம் மருத்துவரைக் கேட்கவேண்டும். எலும்பு வலுக்குறைந்தவர்களுக்கு ஆழமாக முன்குனிவது ஆகாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் நெடுநேரம் வெறும் வயிற்றோடு இருக்கவேண்டாம். ஏதேனும் ஓர் அசைவு வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

வலி என்றதும் ஒரு கேள்வி எழும். வலிக்கிற முழங்காலுக்கு எப்படி நன்றி சொல்வது? அது நடிப்பாகாதா? ஆகும். வலிக்கு நன்றி சொல்லும்படி யாரேனும் உபதேசித்தால் நான் ஏற்கமாட்டேன். அப்பரையே பாருங்கள். சூலை நோயால் துடித்துத் திருவதிகைக்கு வந்தபோது அவர் அந்த நோயை இனிது என்று பாடவில்லை. குடலை முடக்கும் வேதனையை உள்ளபடி சொல்லி, பொறுக்க முடியவில்லை என்று முறையிட்டார். அதே வாய்தான் பின்னால் திருஅங்கமாலையையும் பாடியது. முறையீடும் நன்றியும் ஒரே பக்தரின் ஒரே தேவாரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆகவே வலிக்கிற காலைத் தடவி எண்ணெய் இட்டுக்கொண்டே, "அப்பனே, வலிக்கிறது" என்று சொல்லுங்கள். அந்தக் கால் நடந்த நாள்களுக்கு நன்றி சொல்லுங்கள். வலி குறையாவிட்டால் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கடிதம் எழுதிய அம்மையாரின் நமஸ்காரக் கேள்விக்கு வருகிறேன். உடம்பு முழுதும் தரையில் படுவது ஒன்றே நமஸ்காரம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆடவருக்கு அஷ்டாங்கம், பெண்டிருக்குப் பஞ்சாங்கம் என்பது பொது வழக்கம். ஆனால் இவற்றோடு திரியாங்க நமஸ்காரம் என்ற ஒன்றும் உண்டு. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையிலேயே பார்க்கலாம். தலைமேல் இரு கைகளையும் குவிப்பதே அது. தலை ஒன்று, கைகள் இரண்டு, ஆக மூன்று அங்கம். சுவர் ஓரமாக நின்று சிரமேல் கைகூப்பும் அந்த அம்மையார், சாஸ்திரம் பெயரிட்டு ஏற்றுக்கொண்ட ஒரு நமஸ்காரத்தைத்தான் நாள்தோறும் செய்துவருகிறார். வேறொன்றும் அவர் செய்யவேண்டியதில்லை. கையை மார்போடு நிறுத்தாமல் தலைக்குமேல் உயர்த்துவதற்குத் தோள் இடங்கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே காலையில் மூச்சை இழுத்தபடி கைகளை மேலே தூக்கி, விட்டபடி இறக்குவதை ஐந்து முறை சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய புராணத்தில் அப்பர் கயிலை யாத்திரை போகும் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். முதுமையில் புறப்படுகிறார். நடந்து நடந்து பாதம் தேய்கிறது. கைகளை ஊன்றித் தவழ்கிறார். கைகள் தேய்கின்றன; மார்பால் ஊர்கிறார். அதுவும் இயலாதபோது புரள்கிறார். இது உமக்கு ஆகாது, திரும்பிப் போம் என்று முனிவர் வடிவில் வந்த இறைவனே சொல்லியும் அவர் திரும்பவில்லை. முடிவில் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி பெற்றார். இதை நாம் அப்படியே பின்பற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. மருத்துவர்கள் என்மேல் சண்டைக்கு வருவார்கள். ஓர் அங்கம் ஓய்ந்ததும் அடுத்ததை அழைத்தார் என்பதைத்தான் கவனிக்கிறேன். ஓய்ந்த பாதத்தைக் கடிந்துகொண்டதாகச் சேக்கிழார் எங்கும் சொல்லவில்லை.

பிரதட்சிணத்துக்கும் வயதானவர்கள் வருந்த வேண்டாம். நிறைமாதக் கர்ப்பிணி தலையில் எண்ணெய்க்குடம் சுமந்து நடப்பதுபோல மெல்ல வலம்வர வேண்டும் என்பது பெரியோர் வகுத்த விதி. பார்க்கப்போனால், விதிப்படி பிரதட்சிணம் செய்யும் வேகம் இப்போதுதான் நமக்கு வாய்த்திருக்கிறது. பிராகாரத்தில் நம்மை உரசிக்கொண்டு ஓடும் இளைஞர்களுக்கு அது கைவர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஒன்று மட்டும்: அபிஷேக நீரும் எண்ணெயும் சிந்திய கல்தரையில் கண்ணைக் கோபுரத்தில் வைக்காமல் காலடியில் வையுங்கள்.

திருஅங்கமாலை கால்களோடு நின்றுவிடவில்லை. உறுப்புகளை எல்லாம் அழைத்து முடித்தபின், உற்றார் யார் உளர் என்ற கேள்விக்குப் போகிறது. உயிர் பிரியும்போது உடன்வருவார் இறைவனன்றி இல்லை என்பது அதன் கருத்து. அது வரும்போது வரட்டும். அதுவரை உடன் இருக்கிறவர்களுக்கு நாம் பட்ட கடன் ஒன்று உண்டல்லவா? இரவில் படுக்கப்போகும்போது, அன்று நமக்காக ஏதேனும் செய்த மூவரைப் பெயர் சொல்லி நினையுங்கள். பொதுவாக வேண்டாம், யார், என்ன செய்தார் என்று நினையுங்கள். கோயில் படியில் கைகொடுத்த பூக்காரம்மா. மாத்திரை அட்டையைப் பிரித்து வைத்த பேத்தி. ஆட்டோவை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்திய ஓட்டுநர். ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறவர்கள் எழுதலாம். எனக்கு அது கட்டாயமாகத் தோன்றவில்லை.

மூவரில் ஒருவரிடமாவது மறுநாள் நேரில் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் நன்றி என்ற சொல் பழக்கத்தில் இல்லை. சொந்த மருமகளிடம் "நன்றியம்மா" என்றால் அந்நியரிடம் பேசுவதுபோல் இருக்கும். அந்தச் சொல் இல்லாமலே சொல்லலாம். "இன்றைக்குக் காபி நன்றாக இருந்தது" என்றால் போதும். முதல் நாள் அவள், "ஏன், உடம்பு ஏதாவது செய்கிறதா?" என்று கேட்கக்கூடும். நான்காம் நாள் பழகிவிடும்.